ஸ்டேஷனுக்கு அருகில், ஸ்டேஷனுக்குக் கீழே அல்ல



நம் பகுதியின் வரைபடத்தை ஒருமுறை மனத்துக்குள் விரித்துப் பாருங்கள். 2022 ஜனவரி முதல் தேதி ஆவடி காவல் ஆணையரகம் தொடங்கியது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களும் அதற்குள் வருகின்றன. போலீஸ் கணக்கில் நாம் ஒரே வீட்டுக்காரர்கள். வருவாய்க் கணக்கு வேறு. அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. குழந்தைகள் நலக் குழுவும், மாவட்ட சமூக நல அலுவலரும், குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலரும், சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையமும் மாவட்டத்தை வைத்து இயங்குபவை. ஆகவே அம்பத்தூரில் அடிபட்ட பெண்ணும் ஆவடியில் அடிபட்ட பெண்ணும் ஒரே ஆணையரிடம் முறையிடலாம். அதற்குப் பிறகு அவர்கள் தட்டவேண்டிய கதவுகள் வேறு வேறு திசையில் இருக்கின்றன. இதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? ஸ்டேஷன் ரைட்டர் சொல்வாரா? அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் மனுவோடு நிற்கிறார்கள். வக்கீல் சொல்வாரா? அவரை வைத்துக்கொள்ளக் காசு வேண்டும்.

இன்று உங்கள் முன் நான் வைக்க வந்தது ஒரே ஒரு கருத்து. காவல் நிலையத்துக்கு வரும் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில், அவரைக் கவனிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் இருக்கவேண்டும். துணையாளர் என்று அவரை அழைப்போம். அவர் போலீசுக்கு அருகில் உட்காரவேண்டும். ஆனால் அவரை நியமிப்பதும், சம்பளம் கொடுப்பதும், வேலையை மதிப்பிடுவதும் போலீசாக இருக்கக்கூடாது. இந்த இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் என் வாதம். அருகில் இல்லாத துணையாளரால் பயன் இல்லை. போலீசுக்குக் கீழே இருக்கும் துணையாளரால் ஆபத்து.

சட்டம் இதற்கு எதிராக நிற்கிறதா என்றால், இல்லை. சட்டம் நமக்கு முன்பே இந்த வழியில் வெகுதூரம் போய்விட்டது. 1993-ல் ராஞ்சியிலிருந்து டெல்லிக்கு முரி எக்ஸ்பிரஸில் பயணம் செய்த வீட்டுவேலைப் பெண்கள் ராணுவத்தினரால் தாக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994-ல் ஒரு தீர்ப்பு சொன்னது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குக் காவல் நிலையத்திலேயே சட்ட உதவி கிடைக்கவேண்டும். அப்படி உதவ முன்வரும் வழக்கறிஞர்களின் பட்டியல் ஸ்டேஷனில் இருக்கவேண்டும். உனக்கு இந்த உரிமை உண்டு என்று அவளிடம் கேள்வி கேட்பதற்கு முன்பே போலீஸ் சொல்லவேண்டும். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருந்தால் கை தூக்குங்கள்.

பிறகும் சட்டங்கள் வந்தன. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்றது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ போய் வாங்கவேண்டும் என்றது. இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது என்றது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. 2020-ன் போக்சோ விதிகளின்படி, விசாரணை தொடங்கி வழக்கு முடியும் வரை குழந்தையோடு இருக்க ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். அந்த 'நியமிக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டு பல மாநிலங்கள் சும்மா இருந்தன. உத்தரப் பிரதேசத்தின் லலித்பூர் போக்சோ வழக்கை ஒட்டி 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆதரவு நபர் வேண்டுமா என்பதைப் பெற்றோரின் தலையில் மட்டும் போட்டுவிட்டு அரசு ஒதுங்கக்கூடாது, அவரை அமர்த்தித் தருவது அரசின் கடமை என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தன்னார்வ அமைப்புகளின், சமூகப் பணியாளர்களின் உதவியைப் பெறுவது அவருடைய உரிமை என்று எழுத்திலேயே சொல்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், புலன் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எந்த ஊர்க் குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க வழி வைத்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரச் சொல்கிறது.

ஆக, உரிமைகளுக்குக் குறைவில்லை. குறை வேறு இடத்தில். இவை ஒவ்வொன்றையும் நடத்திக் கொடுக்கவேண்டியவரும் போலீஸ், நடக்கவில்லை என்றால் புகார் சொல்லப்படவேண்டியவரும் அதே போலீஸ். மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால், அது முதல் தகவல் அறிக்கை அல்ல என்பது மனு கொடுத்தவருக்கே தெரியாது. அந்த ரசீதின் சி.எஸ்.ஆர். எண்ணைப் பத்திரமாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கேஸ் போட்டாச்சு என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அது கேஸ் இல்லை அம்மா என்று முதல் நாளே சொல்ல ஒருவர் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

இதில் ஒரு வினோதம் உண்டு. பதினெட்டு வயது நிறையும் வரை ஒரு பெண்ணுக்கு ஆதரவு நபர் உரிமை. பதினெட்டு நிறைந்த மறுநாள் அதே குற்றம் அவளுக்கு நேர்ந்தால், ஆரம்பம் முதல் முடிவு வரை கூட வருவதற்கு யாரும் சட்டப்படி இல்லை. சகி மையம் இருக்கிறது, 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, மறுக்கவில்லை. சகி மையத்துக்கு அவள் போகவேண்டும். அவள் இருக்கும் ஸ்டேஷனுக்கு அது வருவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியபோது அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள். இன்று அதன் வாசல்களில் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் கேட்கிறது. ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் வேலை பார்த்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு வெளிமாநிலப் பெண், இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் படியேறினால், அவள் புகாரைத் தமிழில் எழுதுபவர் யார்? எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டவேண்டும் என்கிறது சட்டம். எந்த மொழியில் படித்துக்காட்டுவது?

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் வழக்கை உரைத்ததை நாம் எல்லா மேடையிலும் பேசுகிறோம். அவளை உள்ளே அனுமதித்த வாயிற்காவலனை யாரும் பேசுவதில்லை. வாசலில் நிற்பவள் யார் என்று அவன் மன்னனிடம் போய்ச் சொன்னபிறகுதான் அவளுக்கு அவை கிடைத்தது. அவன் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் வழக்கே இல்லை. நம் காலத்தில் அந்த வாசல் காவல் நிலையத்தின் மேசை.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது. மும்பையில் 1984-லேயே டாடா சமூக அறிவியல் நிறுவனம் நகரப் போலீசோடு பேசி, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைப் போலீஸ் வளாகத்துக்குள்ளேயே உட்கார வைத்தது. பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு என்று பெயர். அவர்கள் போலீஸ் ஊழியர்கள் அல்ல. அந்த மாதிரி பிறகு மகாராஷ்டிரம் முழுவதும் பரவியது, வேறு மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. நாற்பது ஆண்டு தாண்டிய ஒரு முயற்சியை இன்னும் சோதனை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவில் ரெபேக்கா கேம்ப்பெல் என்ற ஆய்வாளர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டார். ஒன்றில் வல்லுறவுக்கு ஆளானவர்களுக்குத் துணையாளர் இருந்தார், மற்றதில் இல்லை. துணையாளர் இருந்த இடத்தில் போலீஸ் புகாரைப் பதிவு செய்வது அதிகமாக இருந்தது. மருத்துவ உதவிகளும் அதிகம் கிடைத்தன. அதிகாரிகளின் பேச்சால் மறுபடியும் காயப்பட்டேன் என்று சொன்னவர்கள் குறைவு. அதே பெண், அதே குற்றம், அதே சட்டம் என்றாலும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அதிகாரியின் கை எழுதுவதே மாறுகிறது. மனித இயல்புதான். பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஒன்று இருந்தால் நாம் எல்லோருமே கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறோம்.

இங்கே முதல் மறுப்பு எழும். நமக்குத்தான் மகளிர் காவல் நிலையம் இருக்கிறதே, இன்னும் எதற்கு ஒருவர்? நியாயமான கேள்வி. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. அதே 1992-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையை மையமாகக் கொண்டு, பாதிக்கப்பட்டோரைப் பற்றி ஆராயும் இந்திய அமைப்பும் தொடங்கப்பட்டது. ஒன்று ஊர் ஊராக வளர்ந்தது. மற்றது பேராசிரியர்களோடு நின்றுவிட்டது. மகளிர் நிலையங்களால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெண் அதிகாரி இருப்பது பலன் தருகிறது. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை வைத்து நடத்தி 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, பெண்களுக்கான உதவி மேசை வைத்த நிலையங்களில் பெண்களின் வழக்குப் பதிவு கூடியதையும், பெண் அதிகாரிகள் நடத்திய மேசைகளே அதற்குப் பெரும் காரணம் என்பதையும் காட்டியது. ஆனால் ஹரியானாவில் 2015-ல் மாநிலம் முழுவதும் மகளிர் நிலையங்கள் திறந்தபோது நடந்தது வேறு. நிர்விகார் ஜஸ்ஸல் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரண நிலையங்கள் பெண்களின் புகாரைக் கை கழுவி, மகளிர் ஸ்டேஷனுக்குப் போ என்று அனுப்பத் தொடங்கின. பெண்ணுக்கு அலைச்சல்தான் கூடியது. நம் ஊரிலும் இந்த வாக்கியம் புதிதல்ல. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மகளிர் நிலைய ஆய்வாளர் பெண்ணாக இருக்கலாம். ஆனாலும் அவர் போலீஸ். மேலதிகாரியின் தொலைபேசி அவருக்கும் வரும், அரசியல்வாதியின் தொலைபேசியும் வரும். நமக்குப் பக்கத்திலேயே, அண்ணா நகரில், 2024-ல் ஒரு குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கில் புகார் கொடுத்த பெற்றோரே ஸ்டேஷனில் தாக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துச் சி.பி.ஐ.க்கு மாற்றியது, உச்ச நீதிமன்றம் அதற்குப் பதிலாகச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, அந்தக் குழு 2025 ஜனவரியில் மகளிர் காவல் நிலைய ஆய்வாளரையே கைது செய்தது. கைது என்பது தீர்ப்பு அல்ல, அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நான் கேட்பது இவ்வளவுதான்: அன்று இரவு அந்த ஸ்டேஷனுக்குள், போலீஸ் சம்பளம் வாங்காத ஒரு துணையாளர் அந்தத் தாயின் பக்கத்தில் இருந்திருந்தால் உயர் நீதிமன்றம் தலையிடும் அளவுக்குப் போயிருக்குமா?

இரண்டாவது மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது, அது எனக்கு இன்னும் முக்கியமானது. போலீசோடு ஒரே கூரையின் கீழ் உட்காரும் துணையாளர் சில மாதங்களில் போலீஸ் ஆளாகவே மாறிவிடுவார் என்கிறார்கள் பெண்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். இந்தப் பயம் வெறும் பயம் அல்ல. கவுன்சலிங் என்ற பெயரில், ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க, குழந்தைங்க முகத்தைப் பாருங்க என்று எழுதி வாங்கி அனுப்பும் பழக்கம் நம் காவல் நிலையங்களில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துணையாளரையும் அந்த வேலைக்குப் பழக்கிவிட்டால், கட்டப்பஞ்சாயத்துக்குப் பட்டம் பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தது போல் ஆகிவிடும். அதனால்தான் இரண்டாவது பாதியை நான் வலியுறுத்துகிறேன். துணையாளரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ சமூக நலத் துறையோ நியமிக்கட்டும். ஸ்டேஷனில் அவருக்கு மேசை இருக்கட்டும், அந்த மேசையில் போலீஸ் கோப்பு எதுவும் வரவேண்டாம். சமரசம் பேசும் அதிகாரம் அவருக்கு அறவே கூடாது என்று நியமன ஆணையிலேயே எழுதட்டும். பாதிக்கப்பட்டவர் இவர் வேண்டாம் என்றால் மாற்றித் தரட்டும். போக்சோ விதிகளில் இந்த உரிமை ஏற்கனவே இருக்கிறது. அவர் தரும் காலாண்டு அறிக்கை ஆணையருக்கும் போகட்டும், ஆணையர் வழியாக மட்டும் போகவேண்டாம்.

மூன்றாவது மறுப்பு வழக்கறிஞர்களுடையது. துணையாளர் சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கையே கவிழ்த்துவிடும் என்கிறார்கள். பாதி உண்மை. ஆகவே துணையாளருக்கு ஒரு கோடு போடவேண்டும். நடந்தது என்ன என்று அவர் கேட்கக்கூடாது, குறித்துக்கொள்ளவும் கூடாது. நீதிமன்றம் எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார், வாய்தா என்றால் என்ன, குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்கவேண்டியிருக்குமா என்பதை மட்டும் விளக்கலாம். சாட்சிக்குப் பயிற்சி கொடுக்கக்கூடாது, நீதிமன்றத்தை அறிமுகப்படுத்துவது சரி என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் மோமொடோ வழக்கில் தெளிவாகப் பிரித்துவைத்தது. நம் நீதிபதிகளும் இதைவிட வேறு எதையும் சொல்லமாட்டார்கள். இன்னொன்றையும் இவர்கள் யோசிக்கவேண்டும். நம் நாட்டில் சாட்சிகள் பிறழ்வது சொல்லிக்கொடுத்ததால் அல்ல. பெரும்பாலும் தனியாக விடப்பட்டதால். எதிர்த்தரப்பு ஆட்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது இவர்கள் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லவும் ஆள் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்ன ஆவது, பொய்ப் புகாருக்கு இது துணை போகாதா என்று நான்காவதாகச் சிலர் கேட்பார்கள். இதற்கு நம் அருகிலேயே கனமான ஒரு பதில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில், போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. அந்த நாட்களில் இந்தப் பகுதி கொதித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2018 பிப்ரவரியில், ஒரே ஆண்டில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. விரைவான நீதி என்று பாராட்டினோம். 2025 அக்டோபர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்றவரை விடுதலை செய்தது. கண்காணிப்புக் கேமரா பதிவைப் போலீஸ் முறையாகக் கைப்பற்றி நீதிமன்றத்தில் வைக்கவில்லை. தடயங்கள் கைமாறிய வரிசையில் ஓட்டைகள். குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வக்கீலே இல்லை. நியாயமான விசாரணை குற்றவாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைக்கும் நண்பர்கள் இந்த வழக்கை ஒரு முறை படிக்கவேண்டும். அவருக்கு வக்கீல் மறுக்கப்பட்டது, எட்டு ஆண்டு கழித்து அந்தக் குழந்தையின் குடும்பத்துக்கே நட்டமாக வந்து நின்றது. துணையாளர் இருந்திருந்தால் கேமரா பதிவு காப்பாற்றப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை, அது அவர் வேலையும் அல்ல. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது என்கவுன்டரும் அல்ல, கைதட்டலும் அல்ல, நிற்கும் வழக்கு. அதைக் குடும்பத்துக்குப் பொறுமையாக விளக்கி, ஜாமீன் மனு வந்திருக்கிறது, உங்கள் தரப்பையும் கேட்கவேண்டும் என்பது சட்டம் என்று நாளும் தேதியும் சொல்லி, கூட நடக்கும் ஒருவருக்கும் ஆத்திரத்தில் தெருவில் கத்தும் கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பொய்ப் புகாரைப் பொறுத்தவரை, அதைக் கண்டுபிடிப்பது விசாரணை அதிகாரியின் வேலை. துணையாளர் புகாரை மெய்ப்பிக்க வருபவர் அல்ல, புகார் கொடுத்தவரைத் தனியாக விடாமல் இருக்க வருபவர்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2013-ல் உருவாக்கிய நிர்பயா நிதியின் நோக்கமே பெண்களின் பாதுகாப்புதான். மகளிர் காவல் நிலையத்துக்கு ஒருவர் என்று அமர்த்தும் செலவு, ஓர் ஆணையரகம் தன் வாகனங்களுக்குச் செலவிடுவதைவிடப் பெரிதாக இருக்காது. ஆளுக்கும் பஞ்சமில்லை. 1952 முதல் சமூகப் பணி சொல்லித்தரும் கல்லூரி இந்த நகரத்தில் இருக்கிறது; குற்றவியல் துறை பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; குழந்தைகள் வழக்குகளிலும் குடும்ப வன்முறை வழக்குகளிலும் இருபது ஆண்டுகளாகக் கூடவே போய் நின்று பழகிய துளிர், பி.சி.வி.சி. போன்ற அமைப்புகள் சென்னையிலேயே இருக்கின்றன. பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர்களைத் தேடி மும்பை வரை போகவேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்முறை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லை என்றார்கள். வழக்கு வேகமாக முடிந்தது நல்லது. ஆனால் அந்த அறிக்கை பரவிய நாட்களில் நம் கைப்பேசிகளிலும் அது வந்தது, நம்மில் சிலர் அடுத்தவருக்கு அனுப்பவும் செய்தோம். காவல் நிலையத்துக்குள் துணையாளர் கேட்கும் நாம், வெளியே அவள் பெயரைத் தேடாமல் இருக்கும் அடக்கத்தையும் கற்றுக்கொள்ளவேண்டும். அது அரசு ஆணை போட்டு வரக்கூடியது அல்ல.

அவையோரே, இந்தக் கூட்டம் கலையும் முன் ஒரு தீர்மானம் நிறைவேற்றக் கேட்கிறேன். ஆவடி காவல் ஆணையரகத்தின் ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலும், போலீஸ் கட்டுப்பாட்டுக்கு வெளியே நியமிக்கப்பட்ட ஒரு துணையாளர் வேண்டும். அவருக்கு வெளிமாநில மொழிகளுக்கான மொழிபெயர்ப்பாளர் உதவி வேண்டும். உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்ன வழக்கறிஞர் பட்டியல் மூன்று மாதத்துக்குள் எல்லா நிலையங்களின் முகப்பிலும் ஒட்டப்படவேண்டும். தீர்மானத்தின் நகல் ஆணையருக்கு ஒன்று, சென்னை ஆட்சியருக்கு ஒன்று, திருவள்ளூர் ஆட்சியருக்கு ஒன்று, இரண்டு மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்கும் ஒவ்வொன்று போகவேண்டும். கையெழுத்துத் தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது பெயரோடு தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள். எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை பேர் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.